மேலுக்குத்தான்

என் மேசை இழுப்பறையில் ஏழு ஹேர்பின்கள் இருக்கின்றன. கறுப்புப் பூச்சு உதிர்ந்து முனையில் துரு ஏறியவை. பொடி எழுத்தில் இங்கிலீஷ் அச்சடித்த ஒரு மெல்லிய காகிதத்தில் சுற்றியிருக்கும். நான் சுற்றியதல்ல, அக்கா சுற்றியது. அவள் மடித்த அதே மடிப்பில் பிரித்துப் பிரித்து மடித்ததில் காகிதம் கிழிய ஆரம்பித்துவிட்டது. பேனா தேடிக்கொண்டு வந்த என் மகள் ஒரு நாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "துருப்பிடிச்ச பின்ன எதுக்கும்மா வெச்சிருக்க? குத்துனா ஊசி போடணும்" என்றாள். "வெச்ச எடத்துல வெய்யிடி" என்று கத்திவிட்டேன். பிள்ளை முகம் வாடிப்போயிற்று. அவளிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். காய்கறி வண்டிக்காரர் முதல் கவுன்சிலர் வரை என் வாய்க்குப் பயந்தவர்கள் உண்டு. திறக்க வேண்டிய இடத்தில் அந்த வாய் இரண்டு முறை மூடிக்கொண்டது.

அப்போது நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெடிக்கல்ஸில் வேலை பார்த்தேன். மருந்துப் படிப்பு படித்தவர் முதலாளி. நான் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுக்கப் பழகியவள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இது சாப்பிடறதா, பூசறதா?" சாப்பிடறது என்று சொன்னால் அடுத்தடுத்துக் கேள்வி வரும். சூடு பண்ணுமா, வயிறு எரியுமா, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, தூக்கம் வருமா. பூசறது என்றால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: "மேலுக்குத்தான், ஒண்ணும் பண்ணாது." ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லியிருப்பேன். டியூபிலும் பாட்டிலிலும் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். வாயில் போட்டுக்கொள்ளாதே என்பதற்காகப் போட்ட வரி அது. நான் அதை, வெளியில்தான் வேலை செய்யும், உள்ளே போகாது என்று கம்பெனிக்காரன் எழுதிக்கொடுத்த உறுதிமொழியாக எடுத்துக்கொண்டேன். முதலாளி ஒரு நாளும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகப் புரிந்துகொண்டது. என் புத்தி அவ்வளவுதான்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா போய்விட்டார். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைத்து எங்கள் இருவரையும் ஆளாக்கினாள். அக்கா டிகிரி முடித்து சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஆபீசில் சேர்ந்தாள். காலையில் கம்பெனி வேனில் போய் சாயங்காலம் வருவாள். என்னைப் போல் இல்லை, அதிர்ந்து பேச மாட்டாள். ஆனால் கிண்டல் உண்டு. நான் எங்காவது சண்டை போட்டுவிட்டு வந்தால், "இன்னிக்கு எத்தினி பேருக்குக் காது போச்சு?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். சிக்குன்குனியா ஊரையே முடக்கிப்போட்ட வருஷம் அவளையும் படுக்கவைத்தது. மூட்டுவலி நாலு மாதத்தில் போயிற்று. கொட்டிய முடி திரும்பவில்லை. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு மண்டைத்தோல் தெரிந்தது. சிப்காட் காற்று என்றார்கள், போர்த் தண்ணி என்றார்கள், ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். எல்லாவற்றையும் தேய்த்துப் பார்த்தாள்.

எங்கள் பக்கம் பெண் பிடித்துவிட்டது என்றால் மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணுக்குப் பூ வைப்பார். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அக்காவுக்கு இருபத்தேழு வயதில் பண்ருட்டியிலிருந்து ஒரு இடம் வந்து, பேசி முடித்து, பூ வைக்க வந்தார்கள். சவுரி வைத்து, இருந்த முடியை மேலே இழுத்து மூடி நான்தான் பின்னிவிட்டேன். அந்த அம்மா நாலு முழம் குண்டுமல்லியை மடித்து வைத்து ஹேர்பின்னைக் குத்தினார். பிடிக்கவில்லை. இன்னொன்று குத்தினார். அக்கா காலில் விழக் குனிந்தபோது பூ பின்னோடு நழுவி அந்த அம்மாவின் பாதத்தில் விழுந்தது. கேசரி சாப்பிட்டார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். மறுநாள் தரகர் போன் செய்து, "பூ நிக்கலன்னு யோசிக்கறாங்க" என்றார். சகுனத்தைச் சொல்கிறாரா முடியைச் சொல்கிறாரா என்று அம்மா கேட்கவில்லை. அக்கா அழவும் இல்லை. எங்கள் வீட்டுப் பின்கள் மொத்தம் ஒன்பதையும் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு பின்னு நிக்கற அளவுக்கு முடி வந்தா போதும்டி. வேற ஒண்ணும் வாணாம்" என்றாள்.

கடையில் தலைக்குப் போடும் லோஷன் ஒன்று போய்க்கொண்டிருந்தது. மினாக்ஸிடில் என்று அந்த மருந்துக்குப் பெயர். வழுக்கை விழ ஆரம்பித்த ஆண்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டு வாங்குவார்கள். அதைப் பற்றி அக்காவிடம் சொன்னது நான்தான். டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்கலாமே என்றார் முதலாளி. பெண்களுக்கு வீரியம் குறைந்தது வேறாக இருக்கிறது என்றும் சொன்னார். அக்கா கேட்கவில்லை. "பவர் ஜாஸ்தியா இருக்கறதே எடுத்துக்கினு வா" என்றாள். பிறகு ஒரே ஒரு தடவை, "ஒண்ணும் பண்ணாதில்ல?" என்று கேட்டாள். "மேலுக்குத்தானே" என்றேன்.

பாட்டிலோடு ரப்பர் தலை வைத்த ஒரு கண்ணாடிக் குழாய் வரும். அதில் கோடு போட்டிருக்கும். காலையில் அந்தக் கோடு வரைக்கும் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, அவ்வளவுதான் அளவு. அக்கா சின்ன வெங்காயத்தை நசுக்கி உச்சி சிவக்கச் சிவக்கத் தேய்ப்பாள், யாரோ சொன்ன கைவைத்தியம். எரிகிற தோலின் மேல் நாலு குழாய், ஐந்து குழாய் விடுவாள். ஒரு மாதம் வர வேண்டிய பாட்டில் ஒரு வாரம் வந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் கண்டதையும் தலையில் போடுகிறாய் என்று வைவாள் என்பதால், காலிப் பாட்டில்களைப் பரணில் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தோம். பாட்டிலோடு மடித்து வரும் விவரச் சீட்டை நான் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. முதல் பாட்டிலின் சீட்டில் அக்கா தன் ஒன்பது பின்களையும் சுற்றி வைத்தாள். "எப்ப இதப் பிரிக்கறனோ அன்னிக்குப் பூ நிக்கும்" என்றாள்.

ஐந்தாறு மாதத்தில் முடி வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. முதலில் குழந்தை முடி போல, அப்புறம் கறுத்து, உச்சித் தோல் மறைந்துபோயிற்று. நெற்றியிலும் கன்னத்திலும்கூட மெல்லிசாகப் பூனைமுடி அரும்பியது. பார்லருக்குப் போய் நூல் போட்டு எடுத்துக்கொண்டாள். "தலையில கேட்டா மூஞ்சிக்கும் சேத்துக் குடுக்குது பாரு, மனசு தாராளம்" என்று நான் கிண்டல் செய்தேன். இருவரும் சிரித்தோம். சிரித்தோமே என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

இரண்டாயிரத்துப் பத்தில் சிதம்பரத்திலிருந்து அந்த இடம் வந்தது. மாப்பிள்ளை ஒரு ஐ.டி.ஐ.யில் வாத்தியார். வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும்தான். பூ வைக்க வந்த அன்றைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டு அந்தச் சீட்டைப் பிரிக்கச் சொன்னாள். சவுரி வைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, அந்த அத்தை, மல்லியும் கனகாம்பரமும் சேர்த்துக் கட்டிய சரத்தை வைத்து ஒரே ஒரு பின் குத்தினார். அக்கா விழுந்து கும்பிட்டு எழுந்தாள். பூ நின்றது. அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அன்றைக்கு ராஜ்யமே கிடைத்தாலும் அவளுக்கு அப்படி இருந்திருக்காது. அவர்கள் போனதும் பூவை எடுத்துவிட்டுப் பின்களைத் துடைத்து அதே சீட்டில் மறுபடி சுற்றினாள். கல்யாணம் தை மாதம் என்று நாள் குறித்தார்கள். நான் அவரை அதற்குள் மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

ஆடியிலிருந்து அவளுக்கு உடம்பு சரியில்லை. கம்பெனி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும் நாலு வீட்டுத் தூரத்துக்கு இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்பாள். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டுவாள், ஓடிவந்தவள் போல அடித்துக்கொள்ளும். கால் வீங்கிக் கொலுசு சதையில் பதிந்தது. படுத்தால் அழுத்துகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கண்ணை மூடுவாள். "கல்யாணக் களை" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள். ரத்தம் கம்மியாக இருக்கும் என்று சத்து டானிக் கொண்டுவந்து கொடுத்தேன். மருந்துக் கடைக்காரி இல்லையா நான்.

ஐப்பசியில் கல்யாணப் புடவை எடுக்கச் சிதம்பரம் போனோம். மாமாவும் அத்தையும் மேலவீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காத்திருந்தார்கள். கடைக்கு நாலு படி. இரண்டாவது படியில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மாமா ஆட்டோ பிடித்து அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இதயத்தைச் சுற்றியிருக்கும் பைக்குள் நீர் கோத்திருக்கிறது, இதயம் விரிய இடமில்லாமல் திணறுகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். ஊசி வழியாக அந்த நீரை எடுத்தார்கள். அடுத்த நாள் அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமா ஒரு பக்கம், இட்லித் தூக்கோடு அத்தை ஒரு பக்கம், நடுவில் நான். பெரிய டாக்டர் வந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில், "ரெகுலரா மாத்திரை மருந்து எதனா சாப்பிடறாங்களா?" என்றார்.

அந்த நொடியில் எனக்குப் பாட்டில் ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் நான் சாப்பிடுகிற சோறு செரிக்காது. கண்ணாடிக் குழாயும் அதன் சிவப்பு ரப்பரும் கண் முன்னால் வந்தன. அக்காவைப் பார்த்தேன். அவள் அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைதான் பூ வைத்த கை. "ஒண்ணும் சாப்பிடல சார்" என்றேன். என்ன சாமர்த்தியம் பாருங்கள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவள் எதையும் சாப்பிடவில்லை, போட்டாள். டாக்டரும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். நம் பக்கம் இதயத்தில் நீர் கோத்தால் முதலில் டி.பி.யைத்தான் சந்தேகப்படுவார்களாம். சொல்ல வேண்டியதை நாங்கள் சொல்லாதபோது அவர் வேறு எதைச் சந்தேகப்படுவார்? டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள். வெளியில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று மாமா மட்டும் எங்களுக்குத் தைரியம் சொன்னார். நல்ல மனுஷர்.

அம்மா அந்த நாட்களில் ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து நேராகத் திருவந்திபுரம் போய்விட்டு வந்தாள். அங்கே மலையில் முடி காணிக்கை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். "எம்பொண்ணு எழுந்து நடந்தா அவ முடிய மொத்தமா உனக்கே எறக்கிடறேன்னு வேண்டிக்கினேன்" என்று கட்டில் பக்கத்தில் நின்று சொன்னாள். அக்கா முதலில் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வேற எதனா வேண்டிக்கக் கூடாதாம்மா?" என்றாள். அப்புறம் அம்மாவே யோசித்து, கல்யாணம் முடியட்டும், சாமி பொறுத்துக்கும் என்று மொட்டையைத் தள்ளிப்போட்டாள். அன்றைக்கே அவள் தலையை மழித்திருந்தால், லோஷன் போட அங்கே என்ன இருந்திருக்கும்? இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பாட்டில் வீட்டில் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் கால் வற்றியது, படபடப்பு அடங்கியது. டி.பி. மாத்திரை கேட்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வீட்டுக்கு வந்ததும் டி.பி. மாத்திரையில் முடி கொட்டிவிடுமோ என்று பயந்து முன்னைவிடக் கூடுதலாக லோஷன் போட ஆரம்பித்தாள். இரண்டு வாரத்தில் கொலுசு மறுபடி பதிந்தது. கடையில் நின்று டியூபை உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடினேன். லீவில் இருந்த அவள் கண்ணாடி முன்னால் தலையை வகிடு பிரித்துக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இத போடாதப்ப ஒனக்கு நல்லா இருந்துச்சு. போட்டதும் மறுபடி வீங்குது."

"மேலுக்குத்தான்னு நீதானடி சொன்ன?"

"நான் சொன்னா வேதமா? நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

அவள் குழாயைக் கீழே வைத்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் அந்த லோஷனின் பிசுபிசுப்பு. "நிறுத்துனா வந்த முடியும் கொட்டிடும்டி. ரெண்டு மாசம். தை பொறந்து அந்தப் பூவ வெச்சிக்கினு நான் மணையில ஒக்காந்துட்டு எந்திரிக்கற வரைக்கும். அதுக்கப்புறம் நீ சொல்றத கேக்கறேன். அம்மா சொன்ன மாதிரி மொட்டையே போட்டுக்கறேன். ரெண்டே மாசம் வாயத் தொறக்காத" என்றாள். என்னிடம் அதற்கு முன் எதையும் கெஞ்சிக் கேட்டவள் இல்லை. சரி என்றேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது டாக்டர், "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா? வேற எதனா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், வேறு ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொன்னேன். முதல் தடவை சொன்னதையாவது அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவை சொன்னதற்கு என்னிடம் பெயர் இல்லை.

கார்த்திகைக் கடைசியில், காலை எட்டு மணி இருக்கும், லீவு முடிந்து வேனுக்குப் போகக் கிளம்பியவள் வாசலிலேயே சரிந்தாள். சிதம்பரத்துக்கே கொண்டுபோனோம். அத்தை முன்னாலேயே வந்து நின்றிருந்தார். பெரிய டாக்டர் இன்னொரு நோயாளியிடம் இருந்தார். படிப்பு முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த ஒரு டாக்டர் பெண் அக்காவின் கண் இமையை இழுத்துப் பார்த்தது. அக்கா பார்லருக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது, பூனைமுடி மறுபடி தெரிந்தது. அந்தப் பெண் அக்காவின் நெற்றியை விரலால் தடவியது, கன்னத்தைத் தடவியது, பிறகு என்னைப் பார்த்து, "தலைக்கு எதனா போடறாங்களா?" என்றது. அத்தனை நாளில் போடறாங்களா என்று கேட்ட ஒரே ஆள் அந்தப் பெண்தான். அக்கா மூச்சுக்கு அலைந்துகொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் சொல்லிவிட்டேன். அத்தை கேட்கட்டும், ஊரே கேட்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன், எத்தனை குழாய், எத்தனை மாதம், வெங்காயம் உட்பட. அந்தப் பெண் பெரிய டாக்டரிடம் ஓடியது.

மறுபடி நீரை எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். இந்தத் தடவை இதயம் தாங்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குச் சொன்னார்கள். என் அக்கா செத்துப்போனாள்.

அந்த டாக்டர் பெண் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தது. "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நிறைய பேர் போடறாங்க, ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா இது மொதல்ல பிரஷருக்கு சாப்பிடக் குடுத்த மாத்திரைங்க. சாப்பிட்டவங்களுக்கு முடி வளந்துச்சு, அதனாலதான் தலைக்குப் போடற தண்ணியா பண்ணாங்க. அளவுக்கு மேல போட்டா, தோலு புண்ணா இருந்தா, உள்ள போயிடும். நெஞ்சு படபடக்கும், நீர் கோக்கும்" என்றது. மண்பானைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே கசிகிறதே, தோலில் வைத்தது அப்படி உள்ளே கசியும் என்று சொன்னது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அது என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எடுப்பதற்கு முன்னால் அத்தை வந்தார். கல்யாணம் ஆகாத பெண், பூவோடு போகட்டும் என்று மல்லிச்சரம் கொண்டுவந்திருந்தார். தலையைத் தூக்கிப் பிடித்துப் பூவை வைத்துவிட்டு, "பின்னு இருக்கா?" என்று என்னைக் கேட்டார். அந்தச் சீட்டைப் பிரித்து இரண்டு பின் எடுத்துக் கொடுத்தேன். முடி அடர்த்தியாக இருந்தது. நன்றாக நின்றது. மாமா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஆஸ்பத்திரியில் கேட்டதை அத்தை யாரிடமும் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

காரியம் முடிந்த கையோடு அம்மா திருவந்திபுரம் போய்த் தன் தலையை மழித்துக்கொண்டு வந்தாள். சாமிக்குச் சொன்னதைத் தள்ளிப்போட்டதால் சாமி பிள்ளையை எடுத்துக்கொண்டது என்று அவள் கணக்கு. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். முடி கொஞ்சம் வளர்ந்ததும் மறுபடி போய் மழித்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து அந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் சோறு தின்றேன். அம்மாவைப் பார்த்து அது உன் தப்பு இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அது யார் தப்பு என்றும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

அடுத்த வருஷக் கடைசியில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது. கடலூரில் அந்தப் புயலைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதி போயிற்று, பரணில் இருந்ததெல்லாம் நனைந்து கூழாயிற்று. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் காலை, அம்மாவும் நானும் நனைந்த சாமான்களை வெளியில் இழுத்துப்போட்டு வெயிலில் காயவைத்தோம். அந்த அட்டைப் பெட்டி அடி கழன்று பாட்டில்களெல்லாம் முற்றத்தில் உருண்டன. அக்காவின் தகரப் பெட்டிக்குள் பின்களைச் சுற்றிய சீட்டு மட்டும் நனையாமல் இருந்தது. அம்மா குந்தியபடி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து நிமிர்த்தி வரிசையாக வைத்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டதும், சாப்பிடவில்லை என்று நான் சொன்னதும், இரண்டு மாதம் என்று அக்கா கெஞ்சியதும். சொல்லி முடித்து அம்மா என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அம்மா அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினாள். "இதுல இன்னா போட்டிருக்கு, படி" என்றாள்.

உட்கார்ந்து, பின்களை மடியில் கொட்டிவிட்டுச் சீட்டை விரித்தேன். முதல் தடவையாகப் படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். சிவந்து எரிகிற தோலில் போடக் கூடாது. சொன்ன அளவுக்கு மேல் போடக் கூடாது. நெஞ்சுவலி, வேகமான இதயத் துடிப்பு, மயக்கம், காரணம் தெரியாமல் எடை கூடுதல், கை கால் வீக்கம், இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"இது எந்த பாட்டிலோட வந்துச்சு?" என்றாள் அம்மா.

"மொத பாட்டிலோட."

அம்மா முந்தானையால் மொட்டைத் தலையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல், பாட்டில்களைப் பார்த்துச் சொன்னாள்: "அவ தலகாணி உறைய தோச்சது யாருன்னு நெனச்ச? பிசுபிசுன்னு ஸ்பிரிட்டு வாசன அடிக்கும். எனக்குத் தெரியும்டி. நீ சாப்பாடு வாங்கப் போன நேரம் டாக்டரு எங்கிட்டயும் கேட்டாரு, எதனா சாப்பிடறாளான்னு. சாப்பிடலன்னு சொன்னேன். பூ நிக்கட்டுமேன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பாட்டில்களைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டோம். அம்மா கடைசி வரைக்கும் முடி வளர்க்கவில்லை. அவளும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நான் இன்னும் மருந்துக் கடையில்தான் இருக்கிறேன். பூசறதா என்று யாராவது கேட்டால், பூசறதுதான், ஆனால் டாக்டர் என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டா இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்கு வந்தால் இழுப்பறையில் அந்த மடிப்பு இருக்கிறது. ஒன்பதில் இரண்டு அவள் தலையில் போயிற்று. மீதி ஏழு. நேற்று என் மகள் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே, "அம்மா, ஒரு பின்னு இருந்தா குடேன், பூ நிக்கல" என்றாள். நான் கடைக்கு ஓடிப் போய்ப் புதுப் பின் அட்டை ஒன்று வாங்கி வந்தேன்.